தனிநபர் வருமானம் அதிகமுள்ள மாநிலத்தில் மக்கள் வசதியாக வாழ்கிறார்களா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநிலங்களின் தனிநபர் வருமானப் பட்டியலில் குஜராத் கேரளாவுக்கு மேலே இருக்கிறது, அப்படியானால் குஜராத்தின் சராசரிக் குடும்பம் கேரளாவின் சராசரிக் குடும்பத்தைவிட வசதியாக வாழ்கிறது என்று சொல்லலாமா என்பது உங்கள் கேள்வி. கூடவே, சிக்கிம் எப்படி முதலிடத்துக்கு வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் எவ்வளவு உற்பத்தியாகிறது என்பது ஒன்று. அங்கே குடியிருப்பவர் எப்படிச் சாப்பிடுகிறார், எப்படி வைத்தியம் பார்க்கிறார், மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்பது இன்னொன்று. நீங்கள் பார்த்த பட்டியல் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது. நான் பொருளாதாரப் புள்ளியியல் கற்பிக்கிறவன். அதற்கு முன்னால் சில ஆண்டுகள் குடும்பச் செலவு ஆய்வுகளுக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியிருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

செய்தித்தாளில் 'தனிநபர் வருமானம்' என்று வருவது உண்மையில் வருமானமே அல்ல. மாநில எல்லைக்குள் ஓராண்டில் உருவான மொத்த மதிப்பை எடுத்து, அதில் இயந்திரம், கட்டடங்களின் தேய்மானத்தைக் கழித்து, மக்கள்தொகையால் வகுத்தால் வருகிற எண் அது. சரியான பெயர் சொல்வதென்றால் 'தலைக்கு நிகர மாநில உள்நாட்டு உற்பத்தி'. 'உள்நாட்டு' என்ற சொல்தான் இங்கே முக்கியம். மதிப்பு எங்கே உருவானது என்பதுதான் கணக்கு, அது யார் கைக்குப் போனது என்பது கணக்கில் வராது. ஜாம்நகரில் இருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகம் உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று. அங்கே உருவாகிற மதிப்பு முழுவதும் குஜராத் கணக்கில்தான் ஏறும். ஆனால் அதன் லாபம் பங்குதாரர்களுக்குப் போகிறது. அவர்கள் மும்பையில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம், வெளிநாட்டு நிதியங்களாகவும் இருக்கலாம். ஜாம்நகருக்குப் பக்கத்துக் கிராமத்தில் கடலை பயிரிடுகிறவருக்கும் அந்த மதிப்பில் 'தலைக்கு இவ்வளவு' என்று கணக்குப் போட்டுவிடுகிறோம்.

இதன் மறுபக்கம் கேரளா. துபாயிலும் தோஹாவிலும் வேலை செய்கிறவர் மலப்புறத்துக்கு அனுப்பும் பணம் கேரள எல்லைக்குள் உற்பத்தியான மதிப்பு அல்ல, அதனால் அது மாநில உற்பத்திக் கணக்கில் நேரடியாக வராது. அந்தப் பணத்தில் வீடு கட்டினால் கட்டுமானத் துறை வழியாகவும், கடையில் செலவழித்தால் வணிகம் வழியாகவும்தான் உள்ளே வரும். கேரள இடப்பெயர்வு ஆய்வு 2023, வெளிநாட்டிலிருந்து அந்த ஓராண்டில் வந்த பணத்தை 2 லட்சத்து 16 ஆயிரம் கோடி ரூபாய்க்குச் சற்று மேல் என்று மதிப்பிட்டது. மாநிலத்தின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது. மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த சில வீடுகளிலிருந்து மாநிலம் முழுமைக்கும் விரித்துச் சொன்ன மதிப்பீடு என்பதால் துல்லியத்தைப் பற்றி வாதாடலாம், ஆனால் மிகப் பெரிய தொகை என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. குஜராத்தில் பணம் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. சூரத்தின் விசைத்தறிகளில் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக்காரர்கள் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்கிறார்கள். அவர்கள் நெய்யும் துணியின் மதிப்பு குஜராத்துக்கு, வீட்டுக்கு அனுப்பும் கூலி கஞ்சத்துக்கு. கேரளாவுக்கும் இந்தக் கசிவு உண்டு. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து கட்டட வேலை பார்ப்பவர்கள் அங்கிருந்து ஊருக்கு அனுப்புகிறார்கள். நாட்டு அளவில் கணக்குப் போடும்போது வெளியிலிருந்து வரும் வருமானத்தைக் கூட்டி, வெளியே போவதைக் கழித்துத் தேசிய வருமானம் என்று தனியாகச் சொல்கிறோம். மாநிலங்களுக்கு அப்படியொரு கணக்கு வெளியிடப்படுவதில்லை. மாநில எல்லையில் சுங்கச் சாவடி இல்லாத நாட்டில் அதை அளப்பது லேசான காரியமும் இல்லை.

உற்பத்திக் கணக்கிலேயே எதை நம்பலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெல், கரும்பு, பதிவு பெற்ற தொழிற்சாலை போன்றவற்றை அந்தந்த மாநிலத்திலேயே அளக்கலாம். ரயில்வே, வங்கி, தொலைத்தொடர்பு, மத்திய அரசு நிர்வாகம் போன்றவற்றை அப்படி அளக்க முடியாது. நாடு முழுமைக்கும் கணக்கிட்டு, வைப்புத்தொகை, ஊழியர் எண்ணிக்கை போன்ற ஏதாவது ஒரு சுட்டியை வைத்து மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதனால் இரண்டு மாநிலங்களுக்கு இடையே ஐந்து சதவீத வித்தியாசம் இருந்தால் நான் அதை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்வதில்லை. குஜராத், தமிழ்நாடு, கேரளா மூன்றும் 2022-23இல் தலைக்கு இரண்டரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டி, அருகருகே நிற்பவைதான். கேரளா சற்றுப் பின்னால் இருக்கிறது, அவ்வளவே. ஆனால் அதே ஆண்டில் பீகார் ஐம்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டித்தான் நிற்கிறது. அந்த இடைவெளி எந்தத் திருத்தத்திலும் மறையாது.

அப்புறம் வகுக்கும் எண். கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011இல். அதன்பின் எல்லா ஆண்டுகளுக்கும் முன்கணிப்பு எண்களைத்தான் பயன்படுத்துகிறோம். திருப்பூருக்கும் சூரத்துக்கும் இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்து சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த முன்கணிப்பில் சரியாக அடங்கியிருக்கிறார்கள் என்பது கேள்விக்குரியது. ஆள் குறைவாக எண்ணப்பட்ட மாநிலத்தில் தலைக்கான எண் தானாக ஏறிவிடும், ஆள் வெளியேறிய மாநிலத்தில் இறங்கிவிடும்.

சரி, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதற்கு எங்கே போவது? நான் முதலில் எடுப்பது தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு. 2022-23 ஆய்வில் ஒருவருக்கு மாதம் ஆகும் செலவு கிராமப்புறக் கேரளாவில் 5,924 ரூபாய், தமிழ்நாட்டில் 5,310, குஜராத்தில் 3,798, பீகாரில் 3,384. நகரங்களில் தமிழ்நாடு 7,630, கேரளா 7,078, குஜராத் 6,621, பீகார் 4,768. இந்த எண்களை முதன்முதலில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது நானே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தலைக்கு உற்பத்தியில் குஜராத் பீகாரைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆனால் குஜராத் கிராமத்துக்காரர் பீகார் கிராமத்துக்காரரைவிடச் செலவழிப்பது எட்டில் ஒரு பங்கு மட்டுமே அதிகம்.

இங்கே அவசரப்பட்டுவிடக் கூடாது. 2011 கணக்கெடுப்பின்படி பீகாரில் நூற்றுக்கு 11 பேர்தான் நகரவாசிகள், குஜராத்தில் 43 பேர், கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் 48 பேர். கிராமத்தோடு கிராமத்தை மட்டும் ஒப்பிட்டால் நகரமயமானதால் வந்த வசதி கண்ணில் படாது. 2011 விகிதங்களையே வைத்துக் கிராமத்தையும் நகரத்தையும் சேர்த்து நான் கணக்குப் போட்டேன். கேரளா, தமிழ்நாடு இரண்டும் மாதம் 6,400 ரூபாய்க்கு மேல், குஜராத் 5,000, பீகார் 3,500 என்று வருகிறது. அதாவது பீகாரைவிடக் குஜராத் நாற்பது சதவீதம் மேலே, குஜராத்தைவிடக் கேரளா முப்பது சதவீதம் மேலே. உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில் பெரும்பாலும் வந்துவிட்டது. உற்பத்திப் பட்டியலில் குஜராத் முன்னால் இருந்தாலும், சராசரிக் குடும்பத்தின் செலவில் கேரளா தெளிவாக முன்னால் நிற்கிறது.

இந்த ஆய்வின் குறைகளும் எனக்கு நேரடியாகத் தெரியும். நாமக்கல் பக்கம் ஆய்வுக்குப் போன நாட்களில், ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்து, உப்பு புளி வரைக்கும் கணக்குச் சொல்வார்கள். மாதிரியில் வந்த பெரிய பங்களாவின் கேட் பெரும்பாலும் திறக்காது. திறந்தாலும் "வீட்டில் யாரும் இல்லை" என்பதோடு முடிந்துவிடும். வசதியானவர்களின் செலவு இந்த ஆய்வுகளில் குறைவாகப் பதிவாகிறது என்பது நாட்டின் எல்லாப் பகுதிக்கும் பொருந்தும், பெரும் பணக்காரர்கள் அதிகமுள்ள மாநிலத்துக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சேமிப்பும் இந்த எண்ணில் வராது. குஜராத்திக் குடும்பங்கள் செலவைக் குறைத்துத் தொழிலில் போடுகின்றன என்று பலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் தலைக்கு மாதம் நாலாயிரம் ரூபாய்க்குள் செலவு செய்யும் கிராமத்துக் குடும்பத்தின் விஷயத்தில் அந்த விளக்கம் எனக்கு ஒப்பவில்லை.

விலைவாசியையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு ரூபாய்க்கு எல்லா ஊரிலும் ஒரே மதிப்பு இல்லை. மாநிலங்களுக்கு இடையே விலை வித்தியாசத்தை அளந்து ஆண்டுதோறும் வெளியிடும் குறியீட்டெண் நம்மிடம் இல்லாததால், டெண்டுல்கர் குழு முறைப்படி 2011-12க்குப் போட்ட வறுமைக் கோடுகளை, அதாவது அடிப்படைத் தேவைகளுக்கு ஒருவருக்கு அந்தந்த மாநில விலையில் மாதம் ஆகும் செலவை, ஒரு மாற்றாக எடுத்துக்கொள்வேன். கிராமப்புறக் கேரளாவுக்கு அந்தக் கோடு மாதம் 1,018 ரூபாய், குஜராத்துக்கு 932, தமிழ்நாட்டுக்கு 880, ஒடிசாவுக்கு 695. நகரத்தில் வரிசை மாறுகிறது. குஜராத் 1,152, கேரளா 987, தமிழ்நாடு 937. ஆக கேரளக் கிராமத்தில் விலை குஜராத்தைவிட ஒன்பது சதவீதம் அதிகம், நகரத்தில் குறைவு. இரண்டையும் சேர்த்தால் கேரளாவின் முன்னிலை விலைவாசியால் கரைந்துவிடாது. ஆனால் ஒடிசாவோடு ஒப்பிடும்போது கதை வேறு. கேரளக் கிராமச் செலவு ஒடிசாவின் 2,950 ரூபாயைப் போல இரண்டு மடங்கு, விலையைச் சரிசெய்தால் சுமார் 1.4 மடங்காகக் குறைந்துவிடுகிறது. இந்தக் கோடுகள் பழையவை, அதனால் இவற்றை நான் திசையைக் காட்டுபவையாகத்தான் பயன்படுத்துகிறேன்.

ஏன் இப்படி என்பதற்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான விளக்கம் கூலிதான். ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரத் தொகுப்பில் 2022-23க்கு விவசாயக் கூலி (ஆண்களுக்கு, ஒரு நாளுக்கு) கேரளாவில் 764 ரூபாய், குஜராத்தில் 242 ரூபாய். தேசிய சராசரி 346. தலைக்கு உற்பத்தி ஏறக்குறைய சமமாக உள்ள இரண்டு மாநிலங்களில் ஒரே வேலைக்கு மூன்று மடங்கு வித்தியாசம்! எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பது இந்த எண்ணில் இல்லை என்பதை மறக்கக் கூடாது, கேரளாவில் விவசாய வேலை நாட்கள் குறைவு. இருந்தாலும் கட்டட வேலை முதல் சுமை தூக்குவது வரை எல்லாக் கூலிக்கும் இதுதான் அடிமட்டம். கேரளாவில் 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகைதாரருக்கும், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரருக்கும் நிலத்தில் உரிமை கொடுத்தது. விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் வலுவாக இருந்தன. எழுபதுகளில் தொடங்கிய வளைகுடாப் பயணம் உழைக்கும் ஆட்களை வெளியே கொண்டுபோனது, அதோடு அனுப்பிய பணத்தில் வீடு கட்ட ஆட்களும் தேவைப்பட்டார்கள். இந்த மூன்றும் சேர்ந்து கூலியைத் தூக்கின. குஜராத்தின் தொழில் வளர்ச்சி பெட்ரோ ரசாயனம், மருந்து, ரசாயனம் என்று மூலதனம் அதிகம் கேட்கும் துறைகளில் பெரும்பாலும் நடந்தது. அங்கே உருவாகும் ஒரு ரூபாய் மதிப்பில் கூலியாகப் போகும் பங்கு சிறியது. தமிழ்நாடு நடுவில் நிற்கிறது. தொழிற்சாலைகளின் எண்ணிக்கையிலும் அவற்றில் வேலை செய்வோர் எண்ணிக்கையிலும் நாட்டிலேயே முதலிடம், காரணம் பின்னலாடை, நூற்பாலை, தோல், உதிரிபாகம், மின்னணுப் பொருள் என்று ஆள் பலம் கேட்கும் தொழில்கள். தமிழ்நாட்டுக் கிராமத்துச் செலவு குஜராத்தை இவ்வளவு தாண்டியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ரேஷன், சத்துணவு, அரசு மருத்துவமனை ஆகியவை வீட்டுச் செலவில் கொஞ்சத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தன என்பதையும் சேர்த்துக்கொள்வேன்.

ரூபாயை விட்டு உடம்புக்கு வருவோம், ஏனென்றால் வாழ்க்கைத் தரம் கடைசியில் அங்கேதான் தெரியும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை கேரளாவில் 4, தமிழ்நாட்டில் 19, குஜராத்தில் 31, பீகாரில் 47. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் கேரளாவில் நூற்றுக்கு 23, தமிழ்நாட்டில் 25, குஜராத்தில் 39, பீகாரில் 43. குஜராத்தின் 39 தேசிய சராசரியான 35.5ஐவிட மோசம். தலைக்கு உற்பத்தியில் தேசிய சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் உள்ள மாநிலத்தில் குழந்தைகள் சரியாக வளரவில்லை என்பதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனது கனக்கிறது. அதே ஆய்வை வைத்து மத்திய அரசின் நிதி ஆயோக் கணக்கிட்ட பன்முக வறுமை விகிதம் (உடல்நலம், கல்வி, வாழ்க்கை வசதி மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் அளவு) கேரளாவில் 0.55 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20, குஜராத்தில் 11.66, பீகாரில் 33.76.

இதையெல்லாம் படித்துவிட்டு உற்பத்தி எண்ணைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அந்த எண் சொல்கிற முக்கியமான செய்திகள் உண்டு. வரி வசூலிக்கும் திறன், வேலை உருவாக்கும் திறன், வெளியிலிருந்து பணம் வராவிட்டால் சொந்தக் காலில் நிற்கும் திறன் ஆகியவற்றுக்கு அதைத்தான் பார்க்க வேண்டும். 2023-24 தொழிலாளர் ஆய்வில் வேலையில்லாதோர் விகிதம் கேரளாவில் 7.2 சதவீதம், குஜராத்தில் 1.1. படித்த இளைஞர்கள் தகுதிக்கேற்ற வேலைக்குக் காத்திருப்பதும், வறியவர்கள் எந்தக் கூலிக்கும் வேலைக்குப் போயே ஆக வேண்டியிருப்பதும் இந்த எண்ணில் கலந்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் கேரளா தன் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அளவுக்கு அவர்களுக்கு உள்ளூரில் வேலை உருவாக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. வளைகுடா நாடுகள் கதவைச் சற்றுச் சாத்தினால் மலப்புறத்தின் வீடுகளில் அதன் அதிர்வு தெரியும். குஜராத்துக்கு அந்தப் பயம் இல்லை. எந்த மாநிலத்தின் பாதை நீண்ட காலத்துக்கு நல்லது என்று என்னிடம் கேட்டால், அது மாநில நிதி நிலையையும் சேர்த்துப் பேச வேண்டிய விஷயம், என் பயிற்சி அங்கே போதாது.

மாவட்ட அளவில் ஒப்பிடத் தொடங்கினால் இந்தச் சிக்கல்கள் எல்லாம் பெரிதாகும். ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் மதிப்பு காஞ்சிபுரம் மாவட்டக் கணக்கில் ஏறுகிறது, ஆனால் அங்கே ஷிப்டுக்கு வருகிறவர்களில் பலர் விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள். மாவட்டத் தனிநபர் வருமானத்தை வைத்து எந்த மாவட்டத்தில் மக்கள் வசதி என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது அந்த ஆலையின் பேருந்து எந்த ஊர் வரை போகிறது என்பதைத்தான்.

கடைசியாக, நீங்கள் கேட்ட சிக்கிம். 2011இல் அங்கே மக்கள்தொகை ஆறு லட்சத்துப் பத்தாயிரம்தான், தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர நகரத்துக்குச் சமம். வரிச் சலுகைக்காக அங்கே போன மருந்து ஆலைகளும், தீஸ்தா ஆற்றின் நீர்மின் திட்டங்களும் உருவாக்கும் மதிப்பை இவ்வளவு சின்ன எண்ணால் வகுத்தால் தலைக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் வருவதில் வியப்பில்லை. 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் திட்டத்தின் அணையை 2023 அக்டோபர் 4 அன்று பனியேரி உடைந்து வந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஒரே ஒரு திட்டம் நின்றாலே கணக்கு ஆட்டம் காணும் அளவுக்குச் சின்ன பொருளாதாரம் அது. ஆனாலும் சிக்கிமின் வசதியை வெறும் கணக்கு வித்தை என்று ஒதுக்க முடியாது. 2022-23 செலவு ஆய்வில் கிராமத்தில் 7,731, நகரத்தில் 12,105 ரூபாய் என்று அதுதான் மாநிலங்களில் முதலிடம், பன்முக வறுமையும் 2.60 சதவீதம்தான். உற்பத்தியில் கேரளாவைப் போல இரண்டு மடங்கு என்று பட்டியல் சொல்கிறது, குடும்பச் செலவில் நான் மேலே சொன்ன முறைப்படி போட்டால் சுமார் 1.4 மடங்கு வருகிறது. சின்ன மாநிலத்தில் மாதிரி வீடுகளும் குறைவு என்பதால் அந்த 1.4ஐயும் கொஞ்சம் முன்னே பின்னே வைத்துத்தான் படிக்க வேண்டும். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் வந்ததும் இந்தக் கணக்குகளை எல்லாம் மறுபடி போட வேண்டியிருக்கும். நான் முதலில் திறந்து பார்க்கப் போவது சூரத், திருப்பூர் பக்கங்களைத்தான்.